முதல் வாய்

எங்கள் வீட்டில் சாப்பாட்டு மணி அடித்ததும் யாரும் சாப்பிட ஆரம்பிக்க மாட்டோம். தட்டு வந்துவிடும், சோறு வந்துவிடும், பருப்பில் ஆவி பறக்கும். ஆனாலும் பாதிப் பேர் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு டிரைவரண்ணனையே பார்த்துக்கொண்டிருப்போம். அவர் எழுந்து வந்து, கேட்கிறவர் தட்டிலிருந்தெல்லாம் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, மென்று விழுங்கி, கொஞ்ச நேரம் நின்று காட்டுவார். ஆள் விழவில்லை என்று தெரிந்த பிறகு நாங்கள் சாப்பிடுவோம். இதற்கு எங்களுக்குள் முதல் வாய் என்று பெயர்.

கேட்டால் பைத்தியக்கார வேலை மாதிரி இருக்கிறதா? இருக்கட்டும். இது பைத்தியக்காரர்கள் இருக்கிற வீடுதான். அந்த வார்த்தையை நாங்கள் சொல்லிக்கொள்ளலாம், வெளியாள் சொன்னால்தான் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆஸ்பத்திரி போகச் சொல்லிவிட்டது, குடும்பம் வரச் சொல்லவில்லை, இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவர்களுக்கு ஒரு கூரை வேண்டுமே, அதுதான் இந்த இல்லம். பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். எல்லோரும் தலை நரைத்தவர்கள், இல்லாவிட்டால் நரைக்கத் தொடங்கியவர்கள். வெளியே என்ன வேலை பார்த்தோமோ அதுதான் இங்கே பெயர். நான் துணி தைத்தவள், அதனால் தையல்.

எங்கள் சாப்பாட்டைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து உண்டு. என் அண்ணி எப்போதாவது பார்க்க வருவாள். வந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உனக்கென்ன, வேளாவேளைக்குச் சாப்பாடு. நல்லா உடம்பு வச்சிருக்கே" என்பாள். பல்லைக் கடித்துக்கொள்வேன். இந்த உடம்பு சோறு வைத்த உடம்பு இல்லை, மாத்திரை வைத்த உடம்பு. மாத்திரை காதில் கேட்கும் குரலை அடக்கும். அடக்கிய கையோடு வயிற்றை அவிழ்த்து விட்டுவிடும். சாப்பிட்டுக் கை கழுவும்போதே அடுத்த வேளை எப்போது என்று கேட்கிற பசி அது. நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டும், அதற்கு இனிப்பாக ஏதாவது ஊற்றச் சொல்லும். டீயில் நாலு கரண்டி சர்க்கரை போடுகிறோம், பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் காலியாகிற வரை வைப்பதில்லை. சோம்பேறிகள், நாக்கைக் கட்டத் தெரியாதவர்கள் என்று பேர். ஒரே ஒரு வாரம் இந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு நாக்கைக் கட்டிக் காட்டட்டும், அப்புறம் பேசுவோம்.

சாப்பிடும் விதத்திலும் ஆளுக்கு ஒரு கதை இருக்கிறது. ஆஸ்பத்திரி வார்டில் நெடுங்காலம் கிடந்த பழைய தபால்காரர் இன்னும் இடது கையைத் தட்டைச் சுற்றி வேலி போட்டுக்கொண்டுதான் சாப்பிடுவார். அங்கே கண் சிமிட்டினால் முட்டை காணாமல் போகும். இன்னொருத்தர் உட்கார மாட்டார், நின்றுகொண்டே அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விடுவார். என் அறைத் துணை டீச்சருடைய கதை எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது. அவளுடைய சாப்பாட்டில் யாரோ எதையோ கலக்கிறார்கள்.

யார் என்று கேட்டால் சொல்ல மாட்டாள். எங்களில் யாரையும் அவள் சந்தேகப்படவில்லை. சமையலம்மாவை அவளுக்குப் பிடிக்கும். ஆனால் சமையலம்மா அந்தப் பக்கம் திரும்பும்போது, இந்தப் பக்கம் வருகிற ஒரு கை உண்டு என்று அவள் நம்பினாள். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். நம்பிக்கையையும் கணக்கு மாதிரி படிப்படியாக எழுதிக் காட்டுவாள், எந்தப் படியில் தப்பு என்று நம்மால் கண்டுபிடிக்க முடியாது.

அவளை டிரைவரண்ணன் சாப்பிட வைத்தது திருட்டில்தான் ஆரம்பித்தது. அவர் முன்பு பேருந்து ஓட்டியவர். ஆளும் பேருந்து மாதிரிதான் இருப்பார். ஒருநாள் மாத்திரைப் பசி தாங்காமல், தொடப்படாமல் இருந்த டீச்சர் தட்டிலிருந்து ஒரு பெரிய கவளம் அள்ளிப் போட்டுக்கொண்டார். இல்லத்தைப் பார்த்துக்கொள்கிற மேட்ரன் சத்தம் போட்டாள். டீச்சர் சத்தம் போடவில்லை. அவர் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவள், கொஞ்ச நேரம் கழித்துத் தட்டைத் தன் பக்கம் இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். அன்றிலிருந்து அவர்தான் முதல் வாய். அதைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் தட்டை நீட்ட ஆரம்பித்தார்கள். அவர்களில் சிலருக்குப் பயம், சிலருக்குச் சும்மா ஒரு மரியாதை.

எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் அவருடைய கால் கட்டைவிரலில் ஒரு புண் வந்தது.

செருப்பு கடித்த புண்தான். ஆனால் ஆறவில்லை. ரத்தத்தில் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். இதே போக்கில் போனால் விரலை எடுக்க வேண்டியிருக்கும், அதற்கப்புறம் பாதத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். சாப்பாட்டை ஒழுங்குபடுத்த ஒரு பெண்ணை அனுப்பினார்கள். கையில் எடை மெஷினோடு வந்ததால் வந்த அன்றே அவளுக்குத் தராசம்மா என்று பேர் வைத்துவிட்டோம். பார்த்ததுமே எனக்கு இவளைப் பிடிக்கப்போவதில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் உட்கார்ந்து, "உங்களுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்மா?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு நோய் வந்த பிறகு அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அவள் சமையலறை ஓரத்தில் நின்று பார்த்தாள். டிரைவரண்ணன் தன் தட்டைத் தவிர, மற்றவர்கள் தட்டிலிருந்து எடுக்கிற வாய்களைச் சேர்த்தால் இன்னொரு முழுத் தட்டு வருகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவர் எடுப்பது சின்ன வாயும் இல்லை. ஒரு குழந்தைக்குச் சோறு பிசைந்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு ஒரு வாய்.

"ஐயா, இனிமே உங்க தட்டு மட்டும்தான். அடுத்தவங்க தட்டை நீங்க தொடக்கூடாது" என்றாள்.

"நான் ஆசைக்குச் சாப்பிடலம்மா. அது என் வேலை" என்றார் அவர்.

"கால் போயிடும் ஐயா."

அவர் குனிந்து காலைப் பார்த்தார். வண்டி ஓட்டிய கால். அவர் மகள் மாதம் ஒரு ஞாயிறு வந்து அவரைத் தெருமுனை வரைக்கும் நடத்திக் கூட்டிப் போவாள், அந்த நடைக்காக அவர் மாதம் முழுக்கக் காத்திருப்பார். "சரிம்மா" என்றார். தராசம்மா சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது, யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை.

அவர் மனசு கோணாமல் இருக்க மேட்ரன் அவருக்குப் பாத்திரம் கழுவும் வேலையைக் கொடுத்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கொல்லைப்பக்கக் குழாயடிக்குப் போனார்.

அன்று மத்தியானமே டீச்சர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். மேட்ரன் ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டுக் காட்டினாள். "சம்பளம் வாங்குறவங்க எதைக் குடுத்தாலும் சாப்பிடுவாங்க" என்றாள் டீச்சர். சமையலம்மா சாப்பிட்டுக் காட்டினாள். "தட்டுல எந்தப் பக்கம் இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமே" என்றாள். உரிக்காத வாழைப்பழம் கொடுத்துப் பார்த்தோம். காம்புக்குக் கீழே ஊசி குத்திய புள்ளி ஒன்றைக் காட்டினாள். ஓட்டோடு வேகவைத்த முட்டையில் ஒரு கீறல் இருந்தது. முட்டை வெந்தால் கீறல் விழத்தானே செய்யும்? அதை அவளிடம் சொல்லிப் பயனில்லை. குழாயைத் தானே திறந்து கையில் ஏந்தித் தண்ணீர் மட்டும் குடித்தாள். தபால்காரரும் மற்றவர்களும் ஒரு வேளை முறைத்துவிட்டு அடுத்த வேளை சாப்பிட்டுவிட்டார்கள். அவள் மட்டும் மசியவில்லை.

இரண்டாம் நாள் டாக்டர் வந்து பார்த்தார். நாளைக்கு மத்தியானமும் இப்படியே என்றால் சாயங்காலம் வண்டி அனுப்புகிறேன், வார்டுக்கு வரட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வார்டு என்றால் மூக்கில் குழாய். முன்பு ஒரு தடவை டீச்சர் அப்படிப் போனாள். கட்டிலோடு கையைக் கட்டி, மூக்கு வழியாகப் பால் மாதிரி எதையோ இறக்கினார்கள். உயிரைக் காப்பாற்றத்தான் செய்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் திரும்பி வந்தவள் மாதக்கணக்கில் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. யாரோ கலக்கிறார்கள் என்று பயந்துகொண்டிருந்தவளைப் பிடித்துக் கட்டி வைத்து எதையோ உள்ளே செலுத்தினால் அவள் என்ன நினைப்பாள்? இந்தத் தடவை போனால் டீச்சர் டீச்சராகத் திரும்ப மாட்டாள் என்று எனக்குப் பயம்.

எனக்கு அவளை விட்டால் யாரும் இல்லை. மாத்திரையால் என் கை நடுங்கும், ஊசியில் நூல் கோக்க முடியாது. காலையில் டீச்சர்தான் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து பத்து ஊசியில் நூல் கோத்து என் மெத்தையில் வரிசையாகக் குத்தி வைப்பாள். அதை வைத்துத்தான் இந்த வீட்டின் கிழிசலையெல்லாம் நான் தைக்கிறேன். கோக்கும்போது வாய்ப்பாடு சொல்வாள். பதிமூன்றாம் வாய்ப்பாட்டில் நான் வேண்டுமென்றே தப்புச் சொல்வேன், அவள் தலையில் அடித்துக்கொள்வாள். அந்த இரண்டு நாளாக மெத்தையில் ஒரு ஊசிகூட இல்லை. அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

நான் அவள் கட்டிலில் போய் உட்கார்ந்தேன்.

"டீச்சர், நான் முதல் வாய் எடுக்கறேன். டிரைவரண்ணன் மாதிரியே எல்லாத்துலயும் எடுக்கறேன். நீங்க பாத்துக்கிட்டே இருங்க."

திரும்பாமலே, "நீ வேணாம்" என்றாள்.

"ஏன்? எனக்கு யாரும் சம்பளம் குடுக்கல. நானும் உங்கள மாதிரிதான்."

"உன்மேல சந்தேகம் இல்ல."

"பின்ன என்ன?"

டீச்சர் எழுந்து உட்கார்ந்தாள். வகுப்பில் பின்பெஞ்சுப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். "டிரைவர் இருக்காரே, அவருக்கு உயிர்மேல ஆசை. மக வருவா, நடக்கணும்னு ஆசை. விஷம்னு தெரிஞ்சா அவர் விழுங்க மாட்டார். நீ அப்படி இல்ல தையல். நீ ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்தவ. உனக்கு இருந்தாலும் ஒண்ணுதான், போனாலும் ஒண்ணுதான். விஷம்னு தெரிஞ்சாலும் நீ பேசாம விழுங்கிடுவே. அப்புறம் எனக்கு எப்படித் தெரியும்?"

கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தேவலை. என்ன திமிர் இவளுக்கு என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செத்துத் தொலையுங்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

கோபம் வந்ததற்குக் காரணம் அவள் சொன்னது பொய் என்பதால் இல்லை. அவள் கணக்கில் எங்கே தப்பு என்று தேடினேன், தப்பு இல்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது ஏன் எழுப்பினீர்கள் என்று கேட்டவள்தான் நான். அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. இருக்க வேண்டும் என்று நான் முடிவு எதுவும் எடுக்கவில்லை. மாத்திரை கொடுத்தால் விழுங்குகிறேன், தட்டு வந்தால் சாப்பிடுகிறேன், துணி கிழிந்தால் தைக்கிறேன். யாராவது வந்து போதும் கிளம்பு என்றால் செருப்பைத் தேடியிருப்பேனா என்றுகூடத் தெரியாது.

குழாயடியில் டிரைவரண்ணன் கட்டுப் போட்ட காலை ஒரு செங்கல்மேல் தூக்கி வைத்துக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். பானையை முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி ஆக்கி வைத்திருந்தார்.

"சாப்பிட்டாங்களா?" என்றார்.

"இல்லண்ணே. நாளைக்கு வண்டி வருதாம்."

அவர் தேய்ப்பதை நிறுத்தினார். "நான் போய் ஒரே ஒரு வாய் எடுத்துட்டு வந்துடவா? தராசம்மாவுக்குத் தெரிய வேணாம்."

"உங்க மகளுக்கு நான் பதில் சொல்லணுமாண்ணே? சும்மா இருங்க."

பெரிய ஆள், சின்னப் பிள்ளை மாதிரி உதட்டைப் பிதுக்கினார். கண்ணில் தண்ணீர் நின்றது. "நான் பெருசா ஒண்ணும் செய்யல தங்கச்சி. பசிச்சுது, எடுத்தேன். அத நம்பி ஒருத்தங்க சாப்பிட்டாங்க. எனக்கு வேற என்ன இருக்கு?" பிறகு அடுக்கி வைத்த தட்டுகளைப் பார்த்துவிட்டு, "விளிம்பு நசுங்கின தட்டுதான அவங்களோடது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நான் வேறு யோசனையில் இருந்தேன்.

மறுநாள் மத்தியானம் மேட்ரன் டீச்சரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து மேசையில் உட்கார வைத்தாள். சாப்பிடாவிட்டாலும் மேசைக்கு வர வேண்டும் என்பது விதி. டீச்சரின் துணிமணி ஏற்கெனவே ஒரு பையில் கட்டி வாசலில் வைக்கப்பட்டிருந்தது. அந்தப் பையின் வாரை நான்தான் போன மாதம் தைத்துக் கொடுத்தேன். சமையலம்மா வழக்கம்போலத் தட்டுகளை வரிசையாகப் பரப்பி, பேச்சு வாக்கில் சோறும் பருப்பும் காயும் போட்டு, ஒரு முட்டையை ஓரத்தில் வைத்துக்கொண்டே போனாள். விளிம்பு நசுங்கிய தட்டு டீச்சர் முன்னால் வந்தது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று தெரியவில்லை. மூன்று நாள் கோபமும் திரண்டு வந்தது. எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

"என்னைப் பாருங்க டீச்சர். நான் வேணாமா? எனக்கு உயிர்மேல ஆசை இல்லையா? பாருங்க, பாத்துக்கிட்டே இருங்க!"

"அக்கா, உக்காருங்க" என்று மேட்ரன் ஓடி வந்தாள். அதற்குள் நான் டீச்சருடைய கரண்டியை எடுத்து, தட்டின் அடியிலிருந்து வழித்து, டிரைவரண்ணன் வாய் அளவுக்கு ஒன்று அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

சோறு நாக்கில் பட்டது. அடுத்த நொடி வாயெல்லாம் வழுவழுவென்று ஆனது. என்னவோ ஒரு காரம் நாக்கைச் சுருக்கிக்கொண்டு தொண்டைக்குள் இறங்கப் பார்த்தது. சாப்பாட்டில் எந்த நாளும் இருக்காத ஒரு வாடை மூக்குக்கு ஏறியது. கலந்திருக்கிறார்கள். டீச்சர் சொன்ன கை நிஜமாகவே வந்துவிட்டது.

துப்பினேன். மேசை என்று பார்க்கவில்லை, ஆள் என்று பார்க்கவில்லை, எல்லாவற்றின் மேலும் துப்பினேன். "அய்யோ அய்யோ" என்று நான் கத்துவது எனக்கே யாரோ கத்துவது போலக் கேட்டது. விரலை விட்டு நாக்கை வழித்தேன். தண்ணீர்க் கூஜாவை அப்படியே கவிழ்த்துக் கொப்பளித்தேன், துப்பினேன், மறுபடியும் கொப்பளித்தேன். "டாக்டரைக் கூப்பிடுங்க, என்னைக் காப்பாத்துங்க" என்று மேட்ரனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சாப்பாட்டு அறை அமர்க்களப்பட்டது. தபால்காரர் தட்டை வீசிவிட்டார். நின்றுகொண்டு சாப்பிடுகிறவர் வாசலுக்கு ஓடினார். மேட்ரன் என் முதுகைத் தடவிக்கொண்டே சமையலம்மாவைப் பார்த்தாள், சமையலம்மாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அப்போது கொல்லைக் கதவில் டிரைவரண்ணன் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"சோப்பு" என்றார். "சோப்பும்மா. நான்தான்."

யாருக்கும் புரியவில்லை. அவர் அழுதுகொண்டே சொன்னார். சோப்பு அழுக்கைக் கொல்லும், கிருமியைக் கொல்லும் என்றால் விஷத்தையும் கொல்லத்தானே வேண்டும்? டீச்சருக்கு இனிமேல் தன்னால் முதல் வாய் எடுக்க முடியாது. அதனால் அவள் தட்டுக்கு மட்டும் தேய்த்துக் கழுவிய பிறகு இன்னொரு தடவை சோப்புக்கட்டியால் நன்றாகப் பூசி, அலசாமல், வெயிலில் காய வைத்தார். எந்தக் கை வந்து எதைக் கலந்தாலும் தட்டில் ஒட்டாது என்று நினைத்தார். "நல்லதுக்குத்தான் பண்ணினேன் தங்கச்சி, நல்லதுக்குத்தான்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மேட்ரன் தட்டை முகர்ந்து பார்த்து, விரலால் தடவிப் பார்த்தாள். சோப்புதான். பாத்திரம் தேய்க்கிற சாதாரண மஞ்சள் சோப்பு. அவள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, என் காதோரம், "முடிஞ்சுது. இனிமே அவங்க ஜென்மத்துக்கும் சாப்பிட மாட்டாங்க. நான் போய் வண்டிக்குச் சொல்லிடறேன்" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது, நானும் அப்படித்தான் நினைத்தேன். கலக்கிறார்கள் என்று பயந்தவளின் கண் முன்னாலேயே அவள் தட்டில் ஒன்று கலந்து வந்திருக்கிறது. இதற்கு மேல் யார் என்ன சொல்லி அவளை நம்ப வைப்பது?

தரையில் உட்கார்ந்தபடியே டீச்சரைப் பார்த்தேன். எல்லோரும் கத்திக்கொண்டிருந்த அறையில் அவள் ஒருத்திதான் அமைதியாக இருந்தாள். குனிந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவரண்ணனை அன்று பார்த்த அதே உற்றுப் பார்வை.

"துப்பிட்டே" என்றாள்.

"ஆமா டீச்சர்."

"வாய்ல வச்ச உடனே துப்பிட்டே."

"சோப்பு டீச்சர். வேற ஒண்ணும் இல்ல. பாவம், அண்ணன் தெரியாம..."

"சோப்புன்னு உனக்கு அப்ப தெரியாது. விஷம்னுதான நெனச்சே?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. "ஆமா. விஷம்னுதான் நெனச்சேன்."

"பயந்துட்டே."

"ரொம்பப் பயந்துட்டேன் டீச்சர்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவமானத்தில் வந்த அழுகை இல்லை. என் நெஞ்சு இன்னும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, நான் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தேன். போகத் துணிந்தவள், எதற்கும் கவலைப்படாதவள் என்று இத்தனை வருஷம் என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கரண்டி சோப்புக்கு ஊரைக் கூட்டிவிட்டேன். சாக மாட்டேன் சாக மாட்டேன் என்று என் உடம்பு முழுக்கக் கத்தியது, என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டீச்சர் மேட்ரன் பக்கம் திரும்பினாள். "வேற தட்டு வேணும். நல்லா அலசினது" என்றாள்.

மேட்ரன் கதவருகில் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். சமையலம்மா முந்திக்கொண்டு ஓடி, ஒரு தட்டை எங்கள் கண் முன்னாலேயே குழாயில் பிடித்து அலசித் துடைத்து, புதிதாகச் சோறும் பருப்பும் காயும் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். வைத்த கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். டீச்சர் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"பாரு" என்றாள்.

எழுந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அலசியதை நானே பார்த்தேன். ஆனாலும் எனக்குத் துணிச்சல் வரவில்லை. முதலில் முகர்ந்தேன். பருப்பில் கரண்டி நுனியை நனைத்து நாக்கு நுனியில் வைத்தேன், கொஞ்சம் காத்திருந்தேன். பிறகு நாலு பருக்கை சோறு. பிறகு காயில் ஒரு துண்டு. நான் பயந்து பயந்து மென்றுகொண்டிருக்க, டீச்சரின் தோள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. டிரைவரண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

விழுங்கினேன். "நல்லா இருக்கு டீச்சர்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அவள் கரண்டியை எடுத்தாள். மூன்று நாள் காய்ந்த வாய், முதல் வாய் உள்ளே போகச் சிரமப்பட்டது. தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன், அதையும் ஒரு மடக்கு நான் குடித்துவிட்டுத்தான் கொடுத்தேன். இரண்டாவது வாய் போனது, மூன்றாவது போனது. மேட்ரன் ஓசைப்படாமல் அறையை விட்டு வெளியே போய், வண்டி வேண்டாம் என்று போனில் சொல்வது கேட்டது. என் தட்டு அந்தப் பக்கம் ஆறிக்கொண்டிருந்தது. மாத்திரைப் பசியை அன்றைக்கு ஒருநாள் நான் மறந்திருந்தேன்.

பாதித் தட்டு காலியானதும் டீச்சர் நிறுத்தி, வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ராத்திரிக்கும் நீதான் பாக்கணும்" என்றாள்.

"சரி டீச்சர்."

"நாளைக்கும்."

"சரி."

"அதுக்கப்புறமும்." கரண்டி அவள் கையில் அப்படியே நின்றது. "நான் சாப்பிடணும்னா நீ இருக்கணும் தையல். திடீர்னு போயிடக் கூடாது."

எத்தனையோ டாக்டர்கள் எத்தனையோ விதமாக என்னிடம் வாங்கப் பார்த்த வாக்கு அது. ஒருத்தருக்கும் நான் கொடுத்ததில்லை.

"இருக்கேன் டீச்சர்" என்றேன்.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மீதியைச் சாப்பிட ஆரம்பித்தாள்.